கழுதையா, அதல பாதாளமா?

பண்ருட்டிப் பக்கம் உங்கள் மாமாவின் முந்திரி வியாபாரம் 'தானே' புயலோடு படுத்துப்போனதை எழுதும்போது 'கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது' என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே வேண்டாம். கழுதை தேய்கிறது, அதாவது கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில். 'தானே' புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, அன்றைக்கே தோப்பு தோப்பாக முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன, இதில் தேய எங்கே நேரம்?

'வருமானம் அதல பாதாளத்துக்குப் போய்விட்டது' என்று எழுதுங்கள். கீழேழு உலகங்களில் முதலாவது அதலம், கடைசி பாதாளம், அதனால் ஒரேயடியாக அடிவரைக்கும் இறங்கிவிட்டது என்ற தொனி தானாகவே வந்துவிடும். விலை, மதிப்பு, செல்வாக்கு, வருமானம் இப்படி ஏறி இறங்குகிற எதற்கும் பொருந்தும். ஆனால் தோப்பே அதல பாதாளத்துக்குப் போனது என்றால் காதில் இடிக்கிறது, தோப்பு சாய்ந்தது, அவ்வளவுதான். மாமாவைச் சொல்ல 'நொடித்துப் போனார்' போதும். அப்புறம், நிறையப் பேர் 'அதள' என்று எழுதுகிறார்கள் (சுவரொட்டியில்கூட!), ல-தான் சரி.

கழுதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புயலுக்குப் பிறகு கடனுக்காக நிலத்தைக் காணி காணியாக விற்றார் என்று கீழே எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்திக்கு அது கச்சிதம்.