ஏழைகளின் பக்கம் நிற்றல்: விடுதலை இறையியல் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு, நெடுங்காலம் மறைக்கல்வி கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். விவிலிய வசனத்தையும் திருச்சபையின் அறிக்கையையும் முழுமையாக வாசித்த பிறகே அவற்றைக் காட்டி வாதிடுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (காங்கேயம்): விடுதலை இறையியல் என்பது சிலுவை அணிந்த கம்யூனிசம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையன்று. ஏழைகளின் விடுதலையை நற்செய்தியோடு சேர்த்தே பார்க்கும் கிறிஸ்தவச் சிந்தனை அது. 1968இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள், தங்கள் மக்களின் வறுமை விதியால் வந்ததன்று, அநீதியான அமைப்புகளால் வந்தது என்று அறிவித்தார்கள். பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் ஏழைகளிடையே பணியாற்றிய அருட்தந்தை குஸ்தாவோ குத்தியேரெஸ் 1971இல் எழுதிய நூலால் இந்தச் சிந்தனைக்கு ‘விடுதலை இறையியல்’ என்ற பெயர் நிலைத்தது. 1979இல் மெக்சிகோவின் புயெப்லாவில் கூடிய ஆயர்கள், ஏழைகளுக்கு முன்னுரிமை தருவது திருச்சபையின் கடமை என்றார்கள்.

பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டாகிய கர்தினால் ராட்சிங்கரின் தலைமையில் 1984இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரை, சமூகத்தை வர்க்கப் போராட்டமாகப் பார்க்கும் மார்க்சியப் பகுப்பாய்வை ஆராயாமல் எடுத்தாள்வதைக் கண்டித்தது. எல்லாரும் சுட்டிக்காட்டுவது இந்தப் பகுதியைத்தான். ஏழைகளுக்காக உழைப்பவர்களுக்கு எதிராக இந்த எச்சரிக்கையைப் பயன்படுத்தக் கூடாது என்று அதே அறிவுரை தன் முன்னுரையில் சொல்வதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 1986 ஏப்ரலில் பிரேசில் ஆயர்களுக்கு எழுதிய மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், விடுதலை இறையியல் காலத்துக்கு ஏற்றது மட்டுமன்று, பயனுள்ளது, தேவையானது என்றே குறிப்பிட்டார்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம், ஒரு சகோதரி): இயேசு வந்தது ஆத்தும இரட்சிப்புக்கு அல்லவா? வயிற்றுப் பாட்டை ஏன் இதில் கலக்கிறீர்கள்?

பதில்: பாவத்திலிருந்து மீட்பு என்பதைக் குத்தியேரெஸ் ஒருபோதும் கைவிடவில்லை. சமூக ஒடுக்குமுறையிலிருந்து விடுதலை, மனிதர் தம் வாழ்வைத் தாமே பொறுப்பேற்கும் விடுதலை, பாவத்திலிருந்து விடுதலை ஆகிய மூன்றையும் பிரிக்க முடியாதவையாக அவர் பார்த்தார். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இறைவாக்கினர் எசாயாவின் சுருளை விரித்த ஆண்டவர் வாசித்த பகுதி, அவரது பணிகளில் முதலாவதாகச் சொல்வது ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிப்பதையே (லூக்கா 4:18). மத்தேயு 25இல் தீர்ப்பு நாளில் அவர் கேட்பது உணவையும் தண்ணீரையும் உடையையும் பற்றித்தான்.

கேள்வி (சோமனூர், விசைத்தறி உரிமையாளர்): அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துக்கொண்டவர்களைப் பற்றிய யாக்கோபு 5:4ஐ மறையுரையில் கேட்டபோது எங்களையே குற்றவாளிகளாக்கியது போலிருந்தது. நாங்களும் ஜவுளி முதலாளிகளிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள்தாம். மீட்டருக்கு எங்களுக்கு வரும் கூலி உயராதபோது தறி ஓட்டுபவருக்கு எங்கிருந்து கொடுப்பது?

பதில்: ஐயா, உங்கள் கேள்வியை மதிக்கிறேன். கூலி உயர்வு கேட்டுச் சோமனூர், பல்லடம் பகுதித் தறிகள் வாரக்கணக்கில் ஓசையின்றி நின்ற நாட்களை நானும் கண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது விடுதலை இறையியலுக்கு எதிரான வாதமன்று. அது சொல்லவந்ததே இதுதான். நல்ல மனிதர் ஒருவர் நியாயமாக நடக்க விரும்பினாலும் நடக்கவிடாத ஏற்பாட்டுக்குத்தான் அநீதியான அமைப்பு என்று பெயர். அதற்காக உங்கள் பொறுப்பு நீங்கிவிடாது. உங்களுக்குக் கூலி உயரும்போது அந்த உயர்வு தறி ஓட்டுபவரின் கைக்கு எத்தனை நாளில் போய்ச் சேருகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (பள்ளிபாளையம், தறித் தொழிலாளியின் மனைவி): சோமனூர் ஐயா கூலியைப் பற்றி மட்டும் கேட்டார். முன்பணத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பதில்: பேச வேண்டும், அம்மா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தறிப்பட்டறைத் தொழிலாளி தன் கணக்கு நோட்டை என்னிடம் காட்டினார். எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் முன்பணம் 25,000 என்று இருந்தது. பிறகு வாரந்தோறும் பிடித்தம் 200. நடுவே தீபாவளிக்கும் மகளின் காதுகுத்துக்கும் மருத்துவத்துக்கும் வாங்கிய தொகைகள். மூன்றாண்டுக்குப் பின் கடைசிப் பக்கத்திலிருந்த நிலுவை முதல் பக்கத்துத் தொகையைவிட அதிகம்.

திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது உயிரையே அடகு வாங்குவதாகும் என்கிறது விவிலியத்தின் இணைச்சட்ட நூல் (24:6). மாவு அரைத்துப் பிழைப்பவனுக்குத் திரிகை எப்படியோ, தறி ஓட்டுபவனுக்குத் தன் கைகளும், வேறு பட்டறைக்குப் போகும் உரிமையும் அப்படி. கடனைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் நிறுத்துவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படியும் குற்றம்.

மீண்டும் சோமனூர் உரிமையாளர்: முன்பணம் கேட்டு வருபவர்கள் அவர்களே. வாங்கிக்கொண்டு சொல்லாமல் போனவர்களால் எனக்கு நேர்ந்த நட்டத்துக்கு விவிலியத்தில் பதில் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் உங்களுக்கு அது கடினமாக இருக்கும். ஏழாம் ஆண்டில் கடனைத் தள்ளிவிடச் சொல்லும் இணைச்சட்டம் 15, அந்த ஆண்டு நெருங்குகிறதே என்று கணக்குப் பார்த்து ஏழைக்குக் கொடுக்காமல் இருப்பதையும் பாவம் என்கிறது. கொடுத்தவருக்கு நட்டம் வரக்கூடும் என்று தெரிந்தே எழுதப்பட்ட சட்டம் அது. உங்கள் நட்டத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. எனினும் மகளின் மருத்துவச் செலவுக்கு வாரக் கூலி போதாதபோதுதான் ஒருவர் முன்பணம் கேட்டு நிற்கிறார்.

கேள்வி (தாராபுரம்): “ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள்” என்று இயேசுவே சொல்லிவிட்டாரே?

பதில்: மாற்கு 14:7ஐ முழுவதும் வாசியுங்கள், விரும்பும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்று அவ்வசனம் தொடர்கிறது. அது நினைவூட்டும் இணைச்சட்டம் 15:11, ஆகவே கையைத் தாராளமாகத் திற என்கிறது.

கேள்வி (அவிநாசி): அப்படியானால் கிறிஸ்துமஸுக்குப் போர்வையும் அரிசியும் கொடுப்பது வீணா?

பதில்: வீணன்று, நிறுத்தாதீர்கள். பல பங்குகளில் (ஒரு கோவிலைச் சார்ந்த திருச்சபைப் பகுதிகளில்) இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிஸில் தொடங்கிய பிரடெரிக் ஓசானாம் அப்போது இருபது வயது மாணவர். அச்சபையினர் ஏழைகளின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுகிறார்கள். போர்வையோடு நீங்களும் அப்படிப் போய் உட்காருங்கள். அந்த வீட்டின் வறுமைக்குக் காரணம் என்ன என்பது உங்களுக்கே தெரியவரும்.

கேள்வி (ஈரோடு): இது கம்யூனிசம் இல்லையா?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள்.

கேள்வி (பெருந்துறை): துப்பாக்கி ஏந்திய குருக்களைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

பதில்: கொலம்பியாவின் கமிலோ தோரஸ் கெரில்லாப் படையில் சேர்ந்து 1966இல் இறந்தார். அது மெடலினுக்கு முந்தியது. அதை நான் ஏற்கவில்லை. எல் சால்வதோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, மக்களைச் சுடாதீர்கள் என்று படைவீரர்களைக் கெஞ்சிய மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018இல் திருச்சபை புனிதராக அறிவித்தது ரொமேரோவைத்தான்.

கேள்வி (திருப்பூர்): எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி இருக்கிறது. இதற்கும் விடுதலை இறையியலுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. இலத்தீன் அமெரிக்கச் சிந்தனை சாதியைப் பேசவில்லை என்று கண்ட அர்விந்த் நிர்மல் போன்றோர் 1980களில் தலித் இறையியலை முன்வைத்தார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினரில் சேர்க்கவில்லை. அதை எதிர்த்துக் குரல் கொடுக்கும் நாமே கல்லறையில் கோடு போட்டு வைத்தால் நம் குரலை யார் மதிப்பார்கள்? உங்கள் பங்குப் பேரவையில் இதை எழுத்து வடிவில் கொடுங்கள்.

கேள்வி (பல்லடம்): வடமாநிலத் தொழிலாளர்களும் நாம் கவனிக்க வேண்டிய ஏழைகளா?

பதில்: ஆம். உங்களோடு தங்கும் அந்நியரை உங்களைப்போல் நேசியுங்கள் என்கிறது லேவியர் 19:34.

கடைசியாகச் சோமனூர் உரிமையாளர்: இந்தச் சனிக்கிழமை சம்பளம் போடும்போது நான் எதைச் செய்யத் தொடங்கலாம்?

பதில்: ஒவ்வொருவரின் நோட்டையும் அவர்முன் விரித்து, வாங்கியது, கழித்தது, நிலுவை மூன்றையும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் வீட்டில் படித்த பிள்ளையை அழைத்து வரச் சொல்லுங்கள். நோய்க்கு வாங்கிய பணத்தை நிலுவையில் சேர்க்காமல் விட முடியுமா என்று உங்கள் வீட்டாரோடு அமர்ந்து கணக்குப் பாருங்கள். வேறு பட்டறைக்குப் போக விரும்புபவரை, நிலுவை இருந்தாலும், தடுக்காதீர்கள்.

பள்ளிபாளையம் அம்மா, உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருந்தால் அதன் பக்கங்களை நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.