கிரிஸ்டல் ஓடவில்லை என்பதற்காகப் படிப்பை மாற்ற வேண்டாம்

வணக்கம் ஐயா. மகனை அழைத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடி வரை வந்தீர்கள். "மூணு வருஷம் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படிச்சும் ஒரு போர்டை ஓட வைக்க இவ்ளோ திணறுறானே, வேற கோர்ஸ்ல சேத்துடலாமா?" என்று கேட்டீர்கள். அன்று கூட்டத்தில் நிதானமாகப் பேச முடியவில்லை. இப்போது சொல்கிறேன், மாற்ற வேண்டாம்.

தம்பியின் போர்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஏடிமெகா328பி என்ற குட்டிக் கணினி சிப், பக்கத்தில் அதற்குக் கடிகாரம் போலத் துடிப்பு தரும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். கிரிஸ்டல் துடித்தால்தான் அந்தப் போர்டில் சிப் ஓடும். புது சிப் தன் உள் கடிகாரத்தில்தான் வரும், ஃபியூஸ் என்ற சிப்பின் உள் செட்டிங்கை மாற்றினால்தான் கிரிஸ்டலைத் தேடும். அதை அவன் முதலிலேயே சரிபார்த்துவிட்டான். அப்புறம் சப்ளை, சால்டரிங். எல்லாம் சரி, ஆனாலும் துடிப்பில்லை. மூன்றாம் நாள் ராத்திரி லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது: கிரிஸ்டலின் இரண்டு காலிலும் 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் '104' என்று அச்சிட்ட வில்லைகள். 104 என்றால் ஒரு லட்சம் பிகோஃபாரட், அவ்வளவு சுமையில் கிரிஸ்டல் துடிக்காது. இரண்டு வகையுமே மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வில்லைகள், ஒரே டப்பாவில் கலந்து கிடந்தவை.

மாற்றியதும் ஓடியது. துடிப்பைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் புரோபை (அளக்கும் முனையை) வைத்ததும் மறுபடி நின்றது. புரோபின் சுவிட்ச் 1எக்ஸில் இருந்தால் அதுவே நூறு பிகோஃபாரட் அளவுக்குச் சுமை ஏற்றும். அதையும் அவனே கண்டுபிடித்து சுமை குறைவான 10எக்ஸுக்கு மாற்றி அளந்திருக்கிறான்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தும் உங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, எந்த மதகில் அடைப்பு என்று பார்ப்பீர்கள். உங்கள் பிள்ளை செய்ததும் அதுதான் ஐயா. கம்பெனிகளில் ஹார்ட்வேர் டெஸ்ட், வேலிடேஷன் என்று இதற்கென்றே வேலை இருக்கிறது.

தம்பிக்கு இரண்டு வார்த்தை. எதை எந்த வரிசையில் சோதித்தாய் என்று போட்டோவோடு இரண்டு பக்கம் எழுதி வை, இன்டர்வியூவில் அதைக் காட்டு. சி புரோகிராமிங் மொழியை விடாதே. அடுத்து 32.768 கிலோஹெர்ட்ஸ் வாட்ச் கிரிஸ்டலை ஓட்டிப் பார். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில், துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸே (சால்டரிங் பசையே) அதை நிறுத்திவிடும்.

ஒன்றை மறைக்கக் கூடாது ஐயா. இந்த வேலை டெல்டாவில் கிடைப்பது கடினம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், பெங்களூரு என்று போக வேண்டியிருக்கும். அதற்கு வீட்டில் சம்மதமா என்று அவன் அம்மாவிடமும் இப்போதே பேசிவிடுங்கள்.