ஸ்டார் போட்டும் சப்மாட்யூல் வரலையே?

கேள்வி: அண்ணா, பைத்தான்ல ‘பில்லிங்’னு ஒரு பேக்கேஜ், அதாவது கோடு ஃபைல்களை வைக்கிற ஃபோல்டர். உள்ளே டேக்ஸ், பிரிண்டர்னு ரெண்டு ஃபைல் (சப்மாட்யூல்). ‘ஃப்ரம் பில்லிங் இம்போர்ட் ஸ்டார்’ (from billing import *) போட்டுட்டு டேக்ஸைத் தொட்டா நேம்எரர், அப்படி ஒரு பெயரே தெரியாதுங்குது. ஸ்டார்னா எல்லாம்தானே?

பதில்: ஃபோல்டருக்குள்ளே என்னென்ன ஃபைல் கிடக்குன்னு பைத்தான் எட்டிப் பார்க்கிறதே இல்ல தம்பி. பேக்கேஜோட இனிட் ஃபைலை (__init__.py) ஓட்டும். அதுல டண்டர் ஆல் (__all__) பட்டியல் இருந்தா, அதில் உள்ள பெயர்கள் மட்டும் வரும். அதுல சப்மாட்யூல் பெயர் இருந்தா லோடு பண்ணியே தரும். பட்டியல் இல்லைன்னா, அந்த நேரத்துல பேக்கேஜ்ல இருக்கிற, அடிக்கோட்டுல தொடங்காத பெயர்கள் வரும். உன் இனிட் காலியா இருக்கும், பாரு. ரெண்டு பெயரையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டு டண்டர் ஆல்ல சேர்த்துடு. எழுத்துப்பிழை விட்டா அட்ரிபியூட்எரர்.

கேள்வி: பைத்தானோட வர்ற லைப்ரரியில இதுக்கு உதாரணம் இருக்கா சார்?

பதில்: எக்ஸ்எம்எல் பேக்கேஜைத் திறந்து பாருங்க. டாம், பார்சர்ஸ், சாக்ஸ், ஈட்ரீ நாலும் பட்டியல்ல இருக்கு, ஸ்டார் போட்டா நாலும் வரும். ஜேசன் (json) பேக்கேஜ் நேர்மாறு. டிகோடர் சப்மாட்யூலை அதுவே உள்ளுக்குள்ள லோடு பண்ணிடுது, ஆனா பட்டியல்ல லோட்ஸ், டம்ப்ஸ் மாதிரி பெயர்கள்தான். ஸ்டார்ல டிகோடர் கிடைக்காது.

கேள்வி: நேத்து வரைக்கும் ஓடிச்சு. வேற ஃபைல்ல சும்மா கிடந்த ஒரு இம்போர்ட் வரியை எடுத்தேன், இங்க உடைஞ்சிடுச்சு. சம்பந்தமே இல்லையே?

பதில்: இருக்கு. இதே மாதிரி ஒண்ணைத் தேடி ஒரு சாயங்காலமே எனக்குப் போச்சு. பைத்தானோட வர்ற யூஆர்எல்லிப் (urllib) பேக்கேஜை எடுத்துக்கோங்க: இனிட் காலி, பட்டியலும் இல்ல. புதுசா ஸ்டார் போட்டா ஒண்ணும் வராது. ஆனா புரோகிராம்ல எங்கேயோ யாரோ அதோட சப்மாட்யூலான யூஆர்எல்லிப் ரிக்வெஸ்ட்டை முன்னாடியே இம்போர்ட் பண்ணியிருந்தா, அதே ஸ்டார்ல ரிக்வெஸ்ட் வரும். அது தன் வேலைக்கு இழுத்துட்டு வந்த பார்ஸ், எரர், ரெஸ்பான்ஸும் கூடவே வரும். லோடு ஆனதுமே சப்மாட்யூல் தாய் பேக்கேஜ்ல தன் பெயரை ஒட்டிடுது, அதான் காரணம். நீங்க எடுத்த ‘சும்மா’ வரிதான் அந்த வேலையைப் பார்த்துட்டு இருந்தது.

கேள்வி: பேசாம ஃபோல்டர்ல இருக்கிற எல்லாத்தையும் லோடு பண்ணினா என்ன?

பதில்: இம்போர்ட்னா அந்த ஃபைல் ஓடும். டெஸ்ட் ஃபைல், டேட்டாபேஸைத் தொடுற ஸ்கிரிப்ட் எல்லாம் ஓடினா பரவாயில்லையா?

கேள்வி: இனிட்லயே டேக்ஸ்னு ஒரு ஃபங்ஷன் எழுதி, பட்டியல்லயும் டேக்ஸ் போட்டா எது வரும்?

பதில்: ஃபங்ஷன்தான். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதால சப்மாட்யூலைத் தேடவே போகாது.

கேள்வி: ஃபங்ஷனுக்குள்ள ஸ்டார் போடலாமா?

பதில்: பைத்தான் 3-ல சின்டாக்ஸ்எரர். நல்லதுதான்.