வியன்னாவில் ஒரு நாள் 50 யூரோ. கார்டு கடனுக்கு மாதா மாதம் வட்டி 58 யூரோ

கேள்வி: வியன்னாவில் முதுநிலை படிக்கிறேன். போன சனிக்கிழமை நண்பர்கள் ஆறு பேர் காலையில் நாஷ்மார்க்ட் சந்தையில் சாப்பிட்டோம். மதியம் டிராமில் நகர ஓரத்து நுஸ்டார்ஃப் போய், ஒரு ஹொய்ரிகரில் (திராட்சைத் தோட்டக்காரர்களே நடத்தும் ஒயின் கடை) ஒயின் குடித்தோம். இரவு ஸ்டாட்ஸ்ஓபர் என்ற அரசு ஓபரா அரங்கில் நின்றுகொண்டே ஓபரா பார்த்தோம். மொத்தம் 300 யூரோ, என் பங்கு 50. எப்போதும் போல எல்லோருக்கும் சேர்த்து நானே கார்டு தேய்த்தேன். அவர்கள் பங்கை ரொக்கமாகத் தந்துவிட்டார்கள். அது அண்ணன் தன் இந்திய கிரெடிட் கார்டோடு சேர்த்து எனக்கு எடுத்துக் கொடுத்த ஆட்-ஆன் (கூடுதல்) கார்டு. இப்போது அதில் நிலுவை 1,40,000 ரூபாய். அண்ணன் மாதம் 7,000 ரூபாய் ‘மினிமம் டியூ’ (கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டுகிறார். ஆறு மாதத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். என்னிடம் 900 யூரோ சேமிப்பும் ஒரு பகுதிநேர வேலையும் இருக்கின்றன. அறை நண்பர் சொல்வதுபோல் ஈடிஎஃப்பில் (பங்குபோல் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) போட்டு இதைச் சரிக்கட்டலாமா? இல்லை, வெளியே போவதையே நிறுத்திவிடவா?

பதில்: தம்பி, வெளியே போவதை நிறுத்த வேண்டாம். வாசலில் பைன் கொத்து தொங்கும் தோட்டத்தில், அதே குடும்பம் விளைவித்த திராட்சையின் ஒயினைச் சோடா கலந்து குடித்து, கறுப்பு ரொட்டியில் லிப்டவர் என்ற காரச் சீஸ் தடவிச் சாப்பிட்டு, வயலினும் அக்கார்டியனும் கேட்பது அந்த ஊரில் மாணவனுக்கும் கட்டுப்படியாகிற சுகம். ஓபராவில் நின்று பார்ப்பதும் அப்படித்தான். அரசுப் பல்கலையில் செமஸ்டருக்கு 726.72 யூரோ கட்டணம் கட்டிப் படிக்கிற நீங்கள் எப்போதாவது 50 யூரோ செலவழித்தால் குடும்பம் மூழ்கிவிடாது.

மூழ்கடிப்பது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி: “எல்லோருக்கும் சேர்த்து நானே.”

அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். கார்டில் 300 யூரோ ஏறியது. உங்கள் கைக்கு 250 யூரோ ரொக்கம் வந்தது. அது உங்களுக்கு வந்த வருமானம் இல்லை, அண்ணன் பெயரில் வாங்கிய கடன். ஆனால் பர்ஸில் நோட்டாக இருப்பதால் சொந்தப் பணம் போலத் தெரிகிறது. மளிகை, போன் பில் என்று இரண்டு வாரத்தில் கரைந்தும் போகிறது. நிலுவை 1,40,000 ஆனது இந்த வழியில்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். உங்கள் 50 யூரோக்களை மட்டும் கூட்டினால் அவ்வளவு வராது.

நண்பர்கள் பில்லில் உள்ளதைத்தான் தருவார்கள். பல இந்திய கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்-அப் (நாணய மாற்றுக் கட்டணம்), அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 4.13 சதவீதம். யூரோ 100 ரூபாய் என்று வையுங்கள். நண்பர்களின் 25,000 ரூபாய்க்கு நீங்கள் தனியாகச் சுமந்தது ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

அதைவிடப் பெரியது வட்டி. மாதம் 3.5 சதவீதம் என்றால் 1,40,000-க்கு 4,900, ஜிஎஸ்டி 882, மொத்தம் 5,782 ரூபாய். ஏறக்குறைய 58 யூரோ. அந்தச் சனிக்கிழமைக்கான விலையை மாதா மாதம் கட்டுகிறீர்கள், ஒயினும் இல்லாமல் ஓபராவும் இல்லாமல். அண்ணன் கட்டும் 7,000-த்தில் அசல் குறைவது 1,200 ரூபாய்தான். அதுவும் நீங்கள் புதிதாக எதுவும் தேய்க்காத மாதத்தில். முழு நிலுவையும் கட்டாதவரை வட்டியில்லாக் காலம் கிடையாது. அன்றைய ஓபரா டிக்கெட்டுக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது.

ஈடிஎஃப்? ஆண்டுக்கு 42 சதவீத வட்டி கட்டிக்கொண்டு சந்தையில் பணம் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. உங்கள் வயதில் எல்லோரும் ஏதாவது முதலீட்டுச் செயலியைக் காட்டுவார்கள். அந்த அறை நண்பருக்கு இப்படி ஒரு கடன் இருக்கிறதா என்று கேளுங்கள். மார்க்-அப் இல்லாத புதுக் கார்டு என்று யாராவது சொன்னாலும் இப்போதைக்கு வேண்டாம்.

விசா புதுப்பிக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகையைத் தொடாதீர்கள். அந்த 900 யூரோ அது போக உள்ள சேமிப்பு என்றால், இந்த வாரமே அண்ணனுக்கு அனுப்புங்கள். 90,000 தீரும். மீதி 50,000-ஐ வங்கியில் ஆறு மாதத் தவணைக் கடனாக மாற்றச் சொல்லுங்கள். 15 சதவீத வட்டி என்றாலும் தவணை சுமார் 8,700 ரூபாய். அந்த 87 யூரோவைப் பகுதிநேரச் சம்பளம் வந்த அன்றே நீங்கள் அனுப்ப வேண்டும், அண்ணன் அல்ல. ஆட்-ஆன் கார்டு என்றாலும் கடன் அவர் பெயரில்தான். வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அவருடைய சிபில் அறிக்கையைத்தான் (கடன் வரலாற்று அறிக்கை) பார்க்கும், உங்களுடையதை அல்ல. அவர் இதுவரை உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்களே போன் செய்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், அந்தக் கார்டை நிறுத்தியும் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வியன்னாவில் பில் கொண்டுவரும் சர்வர் ‘சேர்த்தா, தனித்தனியா?’ என்று கேட்பது வழக்கம்தானே. அடுத்த முறை நண்பர்கள் வாய் திறக்கும் முன் ‘கெட்ரென்ட்’ (தனித்தனியாக) என்று சொல்லிவிட்டு, உங்கள் பங்கை மட்டும் அங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்து கொடுங்கள்.