பி.ஏ. அரசியல் அறிவியலில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்?

கேள்வி: ஓமலூரில் இருக்கிறோம். பிளஸ் டூ முடித்த என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள். மூன்று வருடம் அதில் என்ன கற்றுக்கொள்வாள்? கட்சிகளைப் பற்றிய படிப்பா? வேலைக்கு உதவுமா?

பதில்:

நான் 2017 முதல் 2020 வரை சேலத்தில் இந்தப் படிப்பைப் படித்தேன். அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். உங்களுக்கு இருக்கும் அதே கவலை அன்று என் அப்பாவுக்கும் இருந்தது.

பாடங்களின் பெயர்களை எந்தக் கல்லூரியிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அரசியல் கோட்பாடு, இந்திய அரசமைப்பு, மேலை நாட்டு, இந்திய அரசியல் சிந்தனை, பொது நிர்வாகம், பன்னாட்டு உறவுகள் என்று இருக்கும். கட்சிகளும் தேர்தல்களும் அதில் ஒரு பகுதிதான். இவற்றைப் படித்தபோது எனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கிறேன். அதிலிருந்து நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

முதல் பருவத்தில் ‘அரசு என்றால் என்ன’ என்று ஒரு பாடம். ஒரு நிலப்பரப்புக்குள் வன்முறையை முறைப்படி பயன்படுத்தும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று கோரி, அதை நிலைநாட்டுகிற அமைப்பே அரசு என்றார் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்துகொண்டேன். ஒருநாள் எங்கள் பேராசிரியர், “சேலம் மத்திய சிறையைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். 1950 பிப்ரவரி 11 அன்று அந்தச் சிறைக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்றார். எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது ஜனவரி 26. அதாவது, உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆவது பிரிவுக்கு அன்று வயது 16 நாள். “சுட உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு இருந்தது? அவரிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் யாருக்கு இருந்தது?” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பை முடித்துவிட்டார். இன்றும் அந்தச் சிறை இருக்கும் அஸ்தம்பட்டிப் பக்கம் போனால் அந்த இரண்டு கேள்விகளும் நினைவுக்கு வருகின்றன. மூன்று ஆண்டுகளும் ஒரு வகையில் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்பதற்கான பயிற்சிதான்.

இரண்டாம் ஆண்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் இரண்டு தோழிகள். ஒருத்தி ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூர்க்காரி. இன்னொருத்தி ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். இருவரும் மலையாளிப் பழங்குடி. கேரளத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை போன்ற மலைகளில் வாழும், தமிழ் பேசும் மக்கள் இவர்கள். உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும் நாளில் ஏற்காட்டுத் தோழி பழங்குடியினர் சான்றிதழை இணைத்தாள். பர்கூர்த் தோழியிடம் அது இல்லை. அப்பா பல தடவை அலைந்தும் கிடைக்கவில்லை, அதிகாரிகள் வேண்டுமென்றே தர மறுக்கிறார்கள் என்று சொல்லி அழுதாள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

மறுநாள் பேராசிரியர் தமிழ்நாட்டுப் பழங்குடிகள் பட்டியலை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அதில் ‘மலையாளி’ என்ற பெயரோடு சில மாவட்டங்களின் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. பட்டியல் போட்ட காலத்தில் பர்கூர் மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஈரோடு தனி மாவட்டமானது 1979இல்தான். பட்டியலில் கோயம்புத்தூரின் பெயர் இல்லை. ஆகவே பர்கூர் மலையாளி சட்டத்தின் கண்ணில் பழங்குடி இல்லை. கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது அது சேலத்தை விட்டுப் போனது. பழைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்த மலை என்பதால் அங்குள்ளவர்களின் உரிமை அப்படியே இருக்கிறது. எப்போதோ, எதற்காகவோ போட்ட எல்லைக்கோடு ஒரு பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தை முடிவு செய்கிறது.

“இந்தப் பட்டியலை மாற்ற யாரால் முடியும்?” என்று பேராசிரியர் கேட்டார். ஆட்சியர் என்றோம். முதலமைச்சர் என்றோம். உயர் நீதிமன்றம் என்றோம். மூன்றும் தவறு. அரசமைப்பின் 342ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒருமுறை அறிவித்த பட்டியலை நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் இயற்றித் திருத்த முடியும். நீதிமன்றங்கள்கூட அதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று 2000ஆம் ஆண்டில் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததும் இதே வழியில்தான். அதற்கான மசோதாவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது.

பர்கூர்த் தோழிக்கு அந்த வகுப்பால் சான்றிதழ் கிடைத்துவிடவில்லை. ஆனால் தன் அப்பாவின் அலைச்சல் ஏன் வீணாயிற்று என்பது அவளுக்குப் புரிந்தது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதி, ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தால் மனிதர் எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறார் என்பதை நான் அவளிடம் பார்த்தேன்.

அதே ஆண்டு, 2018இல்தான் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்காக எங்கள் பக்கம் அளவுக்கல் நட்டார்கள். மொத்தம் 277 கிலோமீட்டர். பெரியப்பாவின் தென்னந்தோப்பு அதன் பாதையில் வந்தது. “கண்ணு, பேப்பரில் அறிவிப்பு வந்திருக்கிறதாம். என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்” என்று கூப்பிட்டார். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956. அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் தர வேண்டும். பெரியப்பா ‘நிலம் தர மாட்டேன்’ என்ற ஒரே வரியைத்தான் எழுதச் சொன்னார். எத்தனை தென்னை, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், யார் யார் அதை நம்பிப் பிழைக்கிறார்கள், ஏன் இந்த இடம் சாலைக்கு வேண்டாம் என்று இரண்டு பக்கம் எழுதினோம். நான் எழுதிய எந்தத் தேர்வுத் தாளையும்விட அந்த இரண்டு பக்கங்களை இன்றும் பெரிதாக மதிக்கிறேன்.

அதன் பிறகு வகுப்பில் ஒரு விவாதம். சாலை வேண்டும் என்ற தரப்பில் பேசும்படி என்னிடம் சொன்னார்கள். கோபம் வந்தது. மாட்டேன் என்றேன். “எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லத் தெரியாவிட்டால், உன் பெரியப்பாவுக்காக நீ எப்படிப் பேசுவாய்?” என்றார் பேராசிரியர். ஒரு வாரம் படித்தேன். விபத்துகள், சரக்குப் போக்குவரத்துச் செலவு, பொதுத் தேவைக்கு நிலம் எடுக்கும் அதிகாரம் அரசுக்கு ஏன் இருக்க வேண்டும் என்பதெல்லாம். பேசி முடித்தபோது என் நிலைப்பாடு மாறவில்லை. ஆனால் எதிர்த் தரப்பில் இருப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்ற எண்ணம் போய்விட்டது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெறத் தேவையில்லை என்று சொல்லி, புதிதாக அறிவிப்பு வெளியிட வழி விட்டது. ஒரே சட்டம், ஒரே நிலம், இரண்டு தீர்ப்புகள். பெரியப்பாவுக்கு அது இடி. எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் இரண்டு தீர்ப்புகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று அவருக்கு உட்கார்ந்து விளக்க முடிந்தது.

கிராம சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 2 அன்று ஏற்காட்டு மலையில் ஓர் ஊராட்சிக்கு எங்களை அழைத்துப் போனார்கள். உள்ளாட்சி அமைப்பின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று 243-இ பிரிவு சொல்கிறது. ஆனால் 2016இல் காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு, வழக்குகளில் சிக்கி, 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. நாங்கள் போன அன்று தலைவர் இல்லை. அவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான் இருந்தார். ஒரு பாட்டி குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்டார். அலுவலர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். “நான் ஓட்டுப் போட்ட ஆள் எங்கே?” என்று பாட்டி திரும்பவும் கேட்டார். அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

அந்தப் பயணத்தைப் பற்றிய அறிக்கையில், பழங்குடி மக்களின் மலை என்பதால் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தருகிறது என்று எழுதியிருந்தேன். ‘எந்த அட்டவணை?’ என்று சிவப்பு மையில் குறிப்பு வந்தது. தேடிப் பார்த்தேன். அந்தச் சட்டம் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதிகளுக்கு மட்டுமே. அப்படிப்பட்ட பகுதிகள் பத்து மாநிலங்களில் உள்ளன. தமிழ்நாட்டில் ஓர் இடம்கூட இல்லை. நியாயம் என்று தோன்றுவதும் சட்டத்தில் இருப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று அதற்குப் பிறகு நான் எழுதியதில்லை.

வேலை பற்றிக் கேட்டீர்கள். டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுகளில் அரசமைப்பும் நிர்வாகமும் முக்கியமான பகுதிகள். அந்த அளவுக்கு உதவும். சட்டம், இதழியல், ஆசிரியர் பணி, தொண்டு நிறுவனங்கள் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் இந்தப் பட்டம் மட்டுமே நேராக ஒரு வேலையில் கொண்டுபோய் விடாது. மேற்படிப்போ தேர்வுப் பயிற்சியோ தேவைப்படும். கூடவே புள்ளியியலும் நல்ல ஆங்கில வாசிப்பும் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். தீர்ப்புகளையும் அரசாணைகளையும் படிக்கும்போது பெரும்பாலும் ஆங்கிலம்தான் மாணவர்களைத் தடுத்து நிறுத்துகிறது. வெறும் குறிப்புகளை ஒப்பிக்க வைக்கும் துறையில் சேர்ந்தால் மூன்று ஆண்டுகள் வீணாகும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சேர்வதற்கு முன் அங்கே படிக்கும் இரண்டு மாணவர்களிடம், கடைசியாக வகுப்பில் எதைப் பற்றி விவாதித்தீர்கள் என்று கேளுங்கள்.

இப்போது கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் அடுத்து வரும் நாளில் ஓமலூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றுக்கு மகளோடு போய் வாருங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கும்போது அவள் முகத்தைக் கவனியுங்கள். திரும்பி வரும் வழியில் அவள் என்ன கேட்கிறாள் என்று இங்கே எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.