பெருவுக்குப் பிப்ரவரியில் போக லோன் போடலாமா?

கேள்வி: நானும் மனைவியும் கோவையில் ஐடி வேலையில் இருக்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு 1.5 லட்சம் வருகிறது. வீட்டுக் கடன் தவணை உட்பட மாதம் 1.05 லட்சம் செலவு. எஃப்.டி.யில் 6 லட்சம் உள்ளது. வரும் பிப்ரவரியில் பெரு நாட்டுக்கு 16 நாள் போக ஆசை: லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு, கடைசியில் மான்கோரா கடற்கரை. ஏஜென்ட் இருவருக்கும் 8 லட்சம் சொல்கிறார். இந்த ஜூன் மாதமே முழுப் பணமும் கட்டினால் 40,000 தள்ளுபடியாம். எஃப்.டி.யில் 4 லட்சம் எடுத்து, மீதிக்குப் பர்சனல் லோன் போடலாமா சார்? மனைவியிடம் அமெரிக்க விசா இருக்கிறது, என்னிடம் இல்லை.

பதில்: வேண்டாம். 4 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,670 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டியே 92,000 ரூபாயைத் தொட்டிருக்கும். 40,000 தள்ளுபடிக்கு இது கட்டுப்படியாகுமா?

அந்தத் தள்ளுபடி ஏன் வருகிறது என்றும் பாருங்கள். பிப்ரவரி, மலைப்பகுதியான குஸ்கோ, மச்சு பிச்சு பக்கம் மழைக்காலத்தின் உச்சம். மச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் இன்கா மலைப்பாதையைப் பராமரிப்புக்காக அந்த மாதம் முழுக்க மூடிவிடுவார்கள். 2010 ஜனவரியில் வெள்ளத்தில் ரயில் பாதை அறுந்து, ஆயிரக்கணக்கான பயணிகள் மச்சு பிச்சு அடிவாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அதே பிப்ரவரியில் கடலோரத்தில் நல்ல கோடை. மலைக்கு நல்ல மாதமான ஜூன், ஜூலையில் லிமா மூடுபனியில் சாம்பல் பூசியதுபோல் கிடக்கும். மலையும் கடலும் ஒரே பயணத்தில் சரியாக வாய்ப்பது கஷ்டம். எட்டு லட்சம் கொடுக்கிறவர் எதற்காகப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் மச்சு பிச்சுவுக்காகத்தான் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அடுத்த மே மாதம் போங்கள். மழை ஓய்ந்து மலை பச்சையாக இருக்கும், ஜூன் கூட்டமும் வந்திருக்காது. மான்கோராவை வெட்டிவிடுங்கள், அதற்காக மறுபடி லிமா வந்து, வடக்கே இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும். கடல் பார்க்காமல் மனசு ஆறாது என்றால், லிமாவிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத்தில் பாராகாஸ். படகில் போய் கடற்சிங்கங்களையும் பென்குயின்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

பணம்? மாதம் மிஞ்சும் 45,000 ரூபாயை 11 மாதம் ஆர்.டி.யில் போட்டால் ஏறக்குறைய 5 லட்சம். எஃப்.டி.யிலிருந்து 2 லட்சம். ஆக 7 லட்சம். மான்கோராவை வெட்டிவிட்டதால் இதற்குள் முடிக்கப் பாருங்கள். எஃப்.டி.யில் மீதி 4 லட்சம் அவசரத்துக்கு. ஐடி வேலை எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பதினோரு மாதப் பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

விசா விஷயம். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ, ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவோ இருந்தால் இந்தியர்கள் தனி விசா இல்லாமல் பெருவுக்குள் போகலாம். மனைவியின் விசாவில் அவ்வளவு காலம் மீதி இருந்தால் அவருக்குப் பிரச்சினை இல்லை. உங்கள் விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் எதையும் எடுக்காதீர்கள்.

குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். ஊட்டியே 2,240தான். போய் இறங்கிய முதல் இரண்டு நாள் தலைவலியும் மூச்சு வாங்கலும் இருக்கும். அந்த நாட்களில் சுற்றுலா எதுவும் புக் செய்யாதீர்கள், காசு வீண். பயணக் காப்பீட்டில் உயரமான இடத்து மருத்துவச் செலவு அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்ட் டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் கழியும் பணம்தான், ஆனால் கட்டும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், அங்கே நாணயம் சோல். டாலர் போட்ட ஃபாரெக்ஸ் கார்டைத் தேய்த்தால் டாலரிலிருந்து சோலுக்கு மாற்றத் தனிக் கட்டணம் பிடிக்கும் வங்கிகள் உண்டு. கிரெடிட் கார்டில் பொதுவாக 3.5 சதவீதம், அதன்மேல் ஜி.எஸ்.டி. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு எடுங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஹோட்டல் அறை வாடகையில் 18 சதவீத விற்பனை வரி கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டி, பில்லில் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கையில் கொஞ்சம் டாலர் நோட்டு எடுத்துப்போங்கள், ஆனால் புது நோட்டாக. ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் மாற்றுக் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உங்களிடமே நீட்டிவிடுவார்.