மலை இறங்கியதும் கால் நகம் கறுத்துவிட்டது: பெரிய ஷூ வாங்கினால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோட்டில் இருக்கிறேன். போன மாதம் நண்பர்களுடன் கர்நாடகத்தில் உள்ள குமார பர்வதம் ஏறினேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாதி வழியிலேயே கால் பெருவிரல்கள் வலிக்க ஆரம்பித்துவிட்டன. வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது காலில் பெருவிரல் நகமும் அடுத்த விரல் நகமும் கறுத்திருந்தன. இப்போது வலி இல்லை, கறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நகத்தை எடுத்துவிட வேண்டுமா? ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கச் சொல்கிறார்கள், அது சரியா? சித்திரையில் அப்பாவோடு வெள்ளியங்கிரி போகலாம் என்றிருக்கிறேன். அவருக்கு 67 வயது, சர்க்கரை உண்டு.

பதில்: நகத்தை எடுக்க வேண்டாம். அடியில் கட்டியிருக்கும் ரத்தம்தான் கறுப்பாகத் தெரிகிறது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாக வர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். நடுவில் பழைய நகம் தானாகக் கழன்றாலும் பயமில்லை. ஆடுகிறது என்று பிடித்து இழுக்காதீர்கள், தூக்கிக்கொண்டிருக்கும் ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நகம் வளர வளர அந்தக் கறுப்பும் நுனியை நோக்கி நகர வேண்டும். வாரம் ஒருமுறை போனில் படம் எடுத்து வைத்தால் தெரிந்துவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்தும் நகராமல் அதே இடத்தில் இருந்தாலோ, நகத்தின் நீளவாக்கில் கோடாக அகன்றுகொண்டே போனாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலும் கறுத்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அபூர்வம்தான், ஆனால் நகத்தடியில் வரும் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் அது வராது என்று நினைப்பது தவறு. நிறத்தை மறைக்க மருதாணி, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். மறைத்துவிட்டால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

சரி, ஷூவுக்கு வருவோம். குமார பர்வதத்தின் உச்சி 1,712 மீட்டர். சுப்ரமண்யா பக்கம் இறங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை உங்கள் கால் இறங்கித் தீர்க்கிறது. ஒவ்வோர் அடியிலும் பாதம் ஷூவுக்குள் முன்னே சறுக்கி, விரல் நுனி முன்சுவரில் மோதும். ஒரு மோதல் ஒன்றும் செய்யாது, ஆயிரக்கணக்கில் மோதினால் நகத்தடியில் ரத்தம் கட்டும். ஆக, சிக்கல் விரலில் இல்லை, குதிகாலில். குதிகால் பின்னால் உட்கார்ந்த இடத்திலேயே நின்றால் விரல் மோதாது. ஒரு சைஸ் பெரிய ஷூவில் குதிகால் ஆடினால் பாதம் இன்னும் வேகமாக முன்னே ஓடும். பெரிய ஷூ வாங்கியும் நகம் போனது என்று வருகிறவர்களிடம் நான் பார்ப்பது இதைத்தான்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் ஆகும். மலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் வேண்டும். நீளமானது பெருவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை, பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். உங்களுக்கு அதுவும் கறுத்திருப்பதால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். லேஸைக் கட்டிவிட்டு, கடையில் சாய்தளமோ படியோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் இடித்தால் அந்த ஷூ வேண்டாம்.

லேஸ் கட்டுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. கணுக்காலை ஒட்டிய கடைசித் துளையை நம்மில் பலர் சும்மா விட்டுவிடுகிறோம். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்தின் கடைசித் துளையில் நுழையுங்கள், இருபுறமும் சின்ன வளையம் வரும். வலது லேஸை இடது வளையத்திலும், இடது லேஸை வலது வளையத்திலும் விட்டு இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகாலைப் பூட்டியதுபோல் இருக்கும். ஏறும்போது இவ்வளவு இறுக்கம் தேவையில்லை. உச்சியில் கிளம்பும் முன் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மறுபடி கட்டுங்கள். எல்லோரும் படம் எடுத்து முடித்ததும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் பரவாயில்லை.

நகத்தைப் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள், மூலைகளைத் தோண்ட வேண்டாம். இறங்கும்போது ஓடாதீர்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக, செங்குத்தான இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிகம் உதவும், கடைசிவரை கையில் வைத்திருங்கள். ஓரிடத்தில் விரல் இடிக்கிறது என்று தெரிந்தால் அங்கேயே நின்று லேஸைச் சரிசெய்யுங்கள்.

அடுத்த முறை நகம் கறுத்து, முதல் ஓரிரண்டு நாளில் விண்விண்ணென்று வலித்தால் மருத்துவரிடம் போங்கள். நகத்தில் சிறு துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றினால் வலி உடனே குறையும். ஊசியைச் சுடவைத்து வீட்டில் குத்த வேண்டாம். விரல் வீங்கி ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே வேண்டும்.

அப்புறம் உங்கள் அப்பா. வெறுங்காலோடு ஏறுவது பலருக்கு வேண்டுதல், எனக்குத் தெரியும். ஆனால் பல வருடச் சர்க்கரையில் பாத உணர்ச்சி மரத்துப்போயிருக்கலாம். உங்களுக்கு வலி எச்சரித்தது, அவருக்கு அந்த எச்சரிக்கை வராது. சின்ன நகக்காயம் புண்ணாகி விரலையே எடுக்கும் நிலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இப்போதே அவரை அழைத்துப்போய் இதயப் பரிசோதனையும், நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் உணர்ச்சிச் சோதனையும், காலின் ரத்த ஓட்டமும் பார்த்துவிடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால்கூட, பழகிய ஷூவும் சாக்ஸும் போட்டே ஏறட்டும், தங்கும் இடங்களில் நீங்களே அவர் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டு அங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.